கழிவு எங்கே போகும்?



2012 நவம்பரில் நம் தங்கவயல் கொதித்தெழுந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். கூடங்குளம் அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளைக் கொண்டுவந்து, கைவிடப்பட்ட நம் தங்கச் சுரங்கத்தில் புதைக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தில் பேச்சு வந்தது. தெருவில் இறங்கினோம். அப்படியொரு திட்டமே இல்லை என்று தில்லி சொல்லிவிட்டது.

நம் பயம் வீண் பயமா? 1980களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இதே சுரங்கத்தில் சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், கழிவின் சூட்டைப் பாறை தாங்குமா என்று சோதித்துப் பார்த்தது. கதிர்வீச்சுக் கழிவை அன்று இறக்கவில்லை. அந்த ஆராய்ச்சியை நான் குறை சொல்லவும் இல்லை. ஆனால் இந்தப் பாறையை நம் தாத்தாக்களும் அப்பாக்களும் அறிந்த மாதிரி யார் அறிவார்? அடியாழத்தில் பாறை வெடித்தால் மேலே லைன் வீட்டில் சுவர் விரியும், அடுக்கிலிருந்து பாத்திரம் உருளும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றன, ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறியது. பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு பிடிக்கும் புளூட்டோனியம் உள்ள கழிவை இதற்குள்ளா வைப்பது?

அணு மின்சாரம் சுத்தமானது என்கிறார்கள். உலை ஓடும்போது புகை இல்லை, உண்மைதான். ராய்ச்சூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் சுத்தம் என்றால் என்னவென்று நம் சைனைடு மேடுகளைக் கேளுங்கள். சைனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் மண்ணை நம்மிடம் விட்டுப் போனார்கள். ஆடிக் காற்று அடித்தால் கொடியில் காயும் வேட்டி சாம்பல் நிறமாகிறது, சோறு பல்லில் நறநறக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே வேண்டாம் என்று ஜெயித்தோம். அந்தக் கழிவு கூடங்குளத்தில், இடிந்தகரை மீனவர்களின் பக்கத்திலேயே இருக்கிறது. நமக்கு வரவில்லை என்று நாம் நிம்மதியாகத் தூங்கினால் அது நியாயமா? உலைக்கு வெளியே ஐந்தாண்டுக்குள் சேமிப்புக் கிடங்கு கட்டச் சொல்லி 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018-ல், இன்னும் அவகாசம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பின்லாந்தில் 400 மீட்டருக்கும் கீழே நிரந்தரக் கிடங்கைக் குடைவதற்கு முன்னால், அங்குள்ள ஊர் மன்றத்தின் சம்மதத்தை வாங்கினார்கள். நம்மிடம் யார் கேட்டார்கள்?

கழிவின் கடைசி இடம் எது என்று மக்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் புதிய உலை எழுப்பாதீர்கள் என்று மத்திய அரசுக்கு மனு எழுதியிருக்கிறோம். சைனைடு மேடுகளை மூடும் கோரிக்கையும் அதில் உண்டு. மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.