ஒரு சொல்லின் பயணம்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சொற்களின் பொருளை ஆராய்ந்துவரும் அவை இது. எனவே ஒரு சொல்லின் வரலாற்றையே தங்கள்முன் வைக்க விழைகிறேன். அச்சொல் 'தீவிரவாதம்'.

2001 ஜூன் 15 அன்று சீனா, ரஷ்யா, கசகஸ்தான், கிர்கிஸ்தான், தாஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய ஆறு நாடுகள் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பை நிறுவின. பயங்கரவாதம், பிரிவினைவாதம், தீவிரவாதம் என்னும் மூன்றையும் ஒடுக்க அன்றே உடன்படிக்கை செய்துகொண்டன. இக்குற்றங்கள் சாட்டப்பட்டோரைத் தம்முள் ஒப்படைத்துக்கொள்ளவும் அது வழிவகுத்தது. தீவிரவாதத்தை அவ்வுடன்படிக்கை வன்முறையோடு இணைத்தே வரையறுத்தது. அதுவரை குறை காண்பதற்கில்லை.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 2017 ஏப்ரலில் சீனாவின் சின்ஜியாங் பகுதியில் தீவிரவாத ஒழிப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 'இயல்புக்கு மாறான' தாடி வளர்ப்பதும் முகத்திரை அணிவதும் அவ்விதிகளில் தீவிரவாதத்தின் அடையாளங்களாயின. அதே மாதத்தில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் யெகோவாவின் சாட்சிகள் அமைப்பைத் தீவிரவாத அமைப்பென்று தடை செய்தது. சமய நெறியின்பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுப்பவர்கள் அவர்கள்! வன்முறை அகன்றது, சொல் மட்டும் நிலைத்தது.

இத்தகைய அரசுகள் தனித்து நிற்பதில்லை என்பதே நாம் கருதத்தக்கது. ஒன்றன் உள்நாட்டுச் செயலை மற்றொன்று உலக மன்றத்தில் காக்கிறது. சின்ஜியாங் நிலைமை குறித்து விவாதிக்கலாமா என்னும் வினா, 2022 அக்டோபர் 6 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கழகத்தின் முன் வந்தது. கண்டிப்பதற்கன்று, விவாதிப்பதற்கு மட்டுமே! ஆதரவு 17, எதிர்ப்பு 19, நடுநிலை 11. விவாதம் நிகழவில்லை. நடுநிலை வகித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 2017 முதல் ஷாங்காய் அமைப்பிலும் நம் நாடு உறுப்பு வகிக்கிறது.

மக்களாட்சி நாடுகள் இச்சொல்லை எப்போதும் நேர்மையாகவே ஆண்டன என்று நான் வாதிடவில்லை. ஆயினும் அங்கே, 'இச்சொல் இவனுக்குப் பொருந்தாது' என்று வழக்காடவும் எழுதவும் ஒருவனுக்கு இடமுண்டு. அவ்விடத்தை உலக அளவில் அடைப்பதே இந்தக் கூட்டுறவின் பயன்.

அன்பர்களே, படைகள் எல்லையைக் கடந்தால் உலகம் விழித்துக்கொள்கிறது. ஒரு சொல் தன் பொருளின் எல்லையைக் கடக்கும்போது எவரும் விழிப்பதில்லை. அதைக் கண்டு சொல்லும் கடமை சொல்லை நேசிப்பவர்க்கே முதலில் உரியது. இவ்வட்டம் அக்கடமையை மறவாதிருக்க வாழ்த்தி அமைகிறேன்.