எட்டி நின்று பார்க்க ஓர் இடம்

(தொரப்பள்ளியில் ஓவியத் தோழர் ஒருவருக்காகக் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் குமாஸ்தா. கவிதைக்கு இடம் வேண்டாம். கவுண்டரில் கூட்டம் குறைந்தால் செலான் பின்பக்கத்திலேயே நாலு வரி எழுதிவிடலாம். அதனால்தானோ என்னவோ, நம்ம ஓவியத் தோழர் இடம் இடம் என்று அலைந்தபோது, 'வீட்டுலயே வரையக்கூடாதா தோழர்?' என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

அவர் ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்குக் கூட்டிப்போனார். காலனியில் தொகுப்பு வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதிலேயே அடுப்பு, அம்மாவின் கட்டில், பிள்ளைகளின் புத்தகப் பை. ஒரு சுவர் முழுக்கப் படத்துணி. 'இப்பப் பாருங்க' என்றார். ஒரு கால் தெரிந்தது. முழுசாகப் பார்க்கலாம் என்று பின்னால் நகர்ந்தேன். முதுகில் கட்டில் இடித்தது.

பெரிய படத்துக்குச் சுவர் மட்டும் போதாது, தள்ளிப் போய் நின்று பார்க்கத் தூரம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தூரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எட்டி நில், தள்ளிப் போ என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்ட காது இது. கோயிலுக்கு இத்தனை அடி, கிணற்றுக்கு இத்தனை அடி. அவ்வளவு தூரத்தை நம் மேல் திணித்த சாதியம், நாம் வரைந்ததை நாமே எட்டி நின்று பார்க்க இருபதடி தர மறுக்கிறது.

அப்படி என்ன வரைகிறார்? 2018 நவம்பரில் இந்த ஓசூர்ப் பக்கத்து இளம் தம்பதியைச் சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்காகக் கொன்று, கர்நாடகத்துக் காவிரியில் வீசினார்களே, அதைத்தான். 'பேப்பர்ல ஸ்டாம்பு சைசுல போட்டாங்க தோழர், நான் ஆள் உயரத்துக்குப் போடணும்' என்கிறார். இதைச் சின்னதாக வரையச் சொல்ல எனக்கு இனி வாய் வராது.

ஷெட் தேடினோம். சிப்காட்டைச் சுற்றி ஷெட்டுக்கா பஞ்சம்? வாடகை பேசி முடிகிற நேரத்தில், 'நீங்க எந்தத் தெரு?' என்று ஒரு கேள்வி வரும். அப்புறம் ஷெட் ஏற்கெனவே வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டிருக்கும். ஒரு கம்பெனிக்காரர் தன் மதில் சுவரையே தருகிறேன் என்றார். மரம், மயில், சிரிக்கிற குடும்பம் போடணுமாம். சுவர் யாருடையதோ படமும் அவனுடையது. 1933இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் கட்டடத்தில் தியேகோ ரிவேரா லெனினை வரைந்தார், எடுக்கச் சொன்னபோது மறுத்தார். 1934இல் சுவரோடு கொத்திப் போட்டார்கள்.

கடன்? 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தில் தலித், பழங்குடியினருக்குப் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை என்று நானே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன். விண்ணப்பத்தில் வருட வருமானம் எவ்வளவு வரும் என்று ஒரு கட்டம். கொலையுண்டவர்களை வரைந்தால் எவ்வளவு வரும்? என் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

இந்த ஊரின் முழுப்பெயர் தொரப்பள்ளி அக்ரகாரம். 1878இல் ராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கட்டும். பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்று 1953இல் திட்டம் கொண்டுவந்தவரும் அவரே. மறு வருஷம் காமராஜர் அதை எடுத்தார். எடுக்காமல் விட்டிருந்தால் நம்ம தோழர் கையில் தூரிகை ஏது, நான் வங்கிக்குள் நுழைந்திருப்பது ஏது?

இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ராம்கிங்கர் பைஜ் ஒருவர் போதும். 1906இல் வங்காளத்தில் பாங்குராவில் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் திறந்தவெளி கிடைத்தது. வெண்கலமும் சலவைக்கல்லும் இல்லாமல், செம்மண் பூமியின் சரளைக்கல்லையும் சிமெண்டையும் குழைத்து, 1938இல் 'சந்தால் குடும்பம்' செய்தார். தட்டுமுட்டுச் சாமானோடு பிழைப்புத் தேடிப் போகிற ஆண், பெண், குழந்தை, கூடவே ஒரு நாய். அரசர்களுக்கும் கவர்னர்களுக்கும் செய்கிற அளவில் கூலிக்காரர்களுக்குச் செய்தார். 1956இல் 'ஆலையின் அழைப்பு': சங்கு ஊதியதும் சேலை பறக்க ஓடுகிற பெண்கள். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிற நம் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிலைதான் ஞாபகம் வருகிறது.

நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பாத்திக் துணி, கைவினைப் பொருள் விற்ற காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கட்டினார்கள். அரசையோ புரவலரையோ நம்பாத அந்த வைராக்கியம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர்கள் ஓவியக் கல்லூரி கண்டவர்கள். நம்மாள் சினிமா பேனர் கம்பெனியில் எடுபிடியாக இருந்து கற்றவர். ஃபிளக்ஸ் வந்து அந்தப் பிழைப்பும் போயிற்று.

பேனர் தொழில் ஒரு வித்தையைக் கொடுத்திருக்கிறது. கட்டம் போட்டுத் துண்டு துண்டாக வரைவது. இப்போது படம் மூன்று துண்டுகளாக மூன்று பேர் வீட்டில் இருக்கிறது, ஒன்று என் வீட்டில். மூன்றையும் சேர்த்து அவரே இன்னும் பார்த்ததில்லை.

வருகிற ஞாயிறு காலை ஏரிக்கரையில் சவுக்குக் கம்பு நட்டு மூன்றையும் கட்டப் போகிறோம். காற்று அடிக்கும். கயிறு பிடிக்கப் பத்துப் பேர் வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள், தோழர்களே.