பால்கனியில் ஓர் ஓவியக்கூடம்
(பொங்கல் விழா உரை)

"படம் வரைஞ்சு பிழைக்க முடியுமா?" என்று லிஃப்டில் கேட்பவர்களுக்கு ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தைச் சொல்வேன். கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் பாத்திக் துணி விற்ற காசில் நிலம் வாங்கி, 1966-ல் ஓவியர்களுக்கென்றே ஒரு கிராமம் அமைத்தார்கள். எனக்கு வாய்த்தது ஆறாவது மாடி பால்கனி.

மாமல்லபுரம் போனால் நீர்வண்ணம்தான். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும். பஸ்ஸில் யார் மடியில் வைப்பது?

எண்ணெய் வண்ணம் வீட்டில்தான். அதில் ஒரு விஷயம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால், தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். நான் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுகிறேன். மரச்சாமானுக்கு அந்த எண்ணெய் பூசுகிறவர்களும் அப்படியே செய்யுங்கள். நம் குப்பை அறைக்குப் பக்கத்தில்தான் மின்மீட்டர்கள் இருக்கின்றன.