சதை பிடிக்க டப்பா வேண்டாம்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் இரண்டு கேள்விகள் அடிக்கடி காதில் விழுகின்றன. "ஜிம்முக்குப் போகிற பையனுக்குப் புரோட்டீன் பவுடர் வாங்கித் தரலாமா?" என்பது ஒன்று. "வயசாகிவிட்டது, மாடிப்படி ஏறாமல் இருப்பதுதானே நல்லது?" என்பது மற்றொன்று. இரண்டும் தசையைப் பற்றிய கேள்விகள்தான்.

பழகிய பளுவைவிடச் சற்று அதிகம் கொடுத்தால், தசைநார்கள் புதிய புரதத்தைச் சேர்த்துத் தடிக்கின்றன. இந்த வேலை பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் நடக்கிறது. ஆகவே ஒரே பகுதிக்குத் தினமும் பளு வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

முதல் சில வாரங்கள் கண்ணாடியில் மாற்றம் தெரியாது, ஆனால் பலம் கூடும். நரம்புகள் பழகுவதே காரணம். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது, ஒரே தூக்கில் 179 கிலோ தூக்கினார். பருமனை மட்டும் பார்த்துப் பலத்தை அளக்க முடியாது, தம்பிகளே.

சாப்பாட்டுக்கு வருவோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராமுக்கு மேல் புரதம் எடுத்தாலும், பளுப் பயிற்சியில் கூடுதல் பலன் இல்லை என்கிறது. சாதாரணமாக 0.83 கிராம் போதும். 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கைப்பிடி மல்லாட்டையில் 7, ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கைப்பிடி பருப்பில் 6. மீதியில் பெரும்பகுதி சோறு, இட்லியிலேயே வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் 90 வயதையொட்டிய 10 பேருக்கு 8 வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தசை வயது பார்ப்பதில்லை. வேலை கொடுக்கிறோமா என்றுதான் பார்க்கிறது. கால் பலம் குறைந்தால் குளியலறையில் தடுமாறி விழுவோம்; இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கைதான்.

நாளையே தொடங்கலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காருங்கள். சுலபமாகிவிட்டால் 12 ஆக்குங்கள். மூட்டு வீக்கமோ இதயக் கோளாறோ இருந்தால், முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கரண்ட் போய் லிஃப்ட் நின்றாலும், நம் காலே நம்மை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.