சிரிக்காமல் கேட்போம்



நான் தமிழ்நாட்டில் நர்ஸ் படிப்பை முடித்து லண்டனுக்கு வந்தவள். இங்கே நோயாளியை வார்டில் சேர்க்கும்போது, "உங்கள் மதம் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொள்வோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி, "ஏத்தீரியஸ் சங்கம்" என்றார். இயேசு வெள்ளிக் கிரகத்திலிருந்து வந்தவர் என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிரவு முழுவதும் வலி இருந்தும் என்னிடம் சொல்லவில்லை. காலையில் வந்த வேறு நர்ஸிடம்தான் சொன்னார். அந்தச் சிரிப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

பிறகுதான் தேடிப் படித்தேன். யோகப் பயிற்சி செய்துவந்த ஜார்ஜ் கிங் என்பவர், 1954-இல் லண்டனில் தம் அறையில் ஒரு குரலைக் கேட்டதாகச் சொன்னார். கிரகங்களின் பாராளுமன்றத்துக்காகப் பூமியில் பேச வேண்டியவர் தாமே என்று நம்பினார். 1955-இல் சங்கத்தைத் தொடங்கினார். ஃபுல்ஹாம் சாலையில் அவர்களுடைய இல்லம் இருக்கிறது. பிரிட்டனில் 9 மலைகளைப் புனிதமாக எண்ணி, ஏறிப்போய் உலகத்துக்காக ஜெபிக்கிறார்கள். ஜெபத்தின் சக்தியை ஒரு பேட்டரியில் சேமித்து, உலகில் ஆபத்து நேரும்போது அனுப்பலாம் என்றும் நம்புகிறார்கள்.

இப்படிப்பட்ட மதங்களைப் பல்கலைக்கழகங்களில் ஆராய்கிறார்கள். இந்தச் சங்கத்தை 1970-களில் ராய் வாலிஸ் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். பறக்கும் தட்டு உண்டா இல்லையா என்பது இந்த ஆராய்ச்சியின் கேள்வி அல்ல. நம்புகிறவர்கள் யார், அந்த நம்பிக்கை அவர்கள் வாழ்க்கையில் என்ன செய்கிறது, யாருக்காவது தீங்கு உண்டா என்பதே கேள்வி. 1988-இல் பேராசிரியர் ஐலீன் பார்க்கர் லண்டனில் 'இன்ஃபார்ம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பிள்ளை ஏதோ புதிய மதத்தில் சேர்ந்துவிட்டதே என்று கலங்கும் பெற்றோருக்கு, பயமுறுத்தாமலும் மூடிமறைக்காமலும் உள்ளதைச் சொல்வது அதன் பணி. இங்குள்ள பெரிய திருச்சபைகளும் அதற்கு ஆதரவு தந்தன.

பொறுமையாகக் கேட்பது ஏமாளித்தனம் அல்ல. 1997 மார்ச் மாதம் கலிபோர்னியாவில் 'ஹெவன்ஸ் கேட்' என்ற குழுவினர் 39 பேர், வால்நட்சத்திரத்தோடு வரும் விண்கலம் தங்களை அழைத்துப்போகும் என்று நம்பி உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களையும் மலையேறி ஜெபிக்கிறவர்களையும் ஒன்றாக எண்ணுவது தவறு. எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்தறிய வேண்டுமானாலும் முதலில் காதுகொடுத்துக் கேட்கத்தானே வேண்டும்? கேலி செய்கிறவரிடம் யாரும் மனம்திறந்து பேசமாட்டார்கள்.

அன்பான பிள்ளைகளே, அந்தப் பாட்டி சொன்னதை நான் நம்புகிறேனா? இல்லை. என் ஆண்டவர் யார் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால், மரித்தவர் மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்று நீங்கள் பள்ளியில் சொல்லும்போது ஒருவர் சிரித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அவருக்கும் இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் நோயாளி எந்த மதத்தைச் சொன்னாலும் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்கிறேன். பிறகு, "அதற்காக நாங்கள் உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேட்கிறேன். அடுத்ததாக, "வலி இருக்கிறதா?" என்று கேட்கிறேன். மறைக்காமல் சொல்கிறார்கள்.

கர்த்தர் தாமே நமக்குக் கேட்கும் செவியைத் தந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.