ஆறு நோய்க்கு ஒரே ஊசி

மலேசியாவில் குழந்தை பிறந்ததுமே காசநோய்க்கான பிசிஜி ஊசி போடப்படுகிறது. இடது தோளில் பலருக்கும் இருக்கும் சின்னத் தழும்பு அதன் அடையாளம். 2, 3, 5, 18ஆம் மாதங்களில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, போலியோ, ஹிப் கிருமி, ஹெப்பாடைட்டிஸ் பி ஆகிய ஆறுக்கும் ஒரே ஊசி. இது 2020 இறுதியில் வந்த ஏற்பாடு. 9, 12ஆம் மாதங்களில் தட்டம்மை ஊசி.

பேராக் ரப்பர் தோட்டங்களில் மருந்து, ஊசி என்றால் ஒரு காலத்தில் தோட்டத்து டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளர்தான். தோட்டம் விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் குடியேறியவர்களுக்கு இப்போது அரசாங்க கிளினிக். குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. அப்படியிருந்தும் தவணை தவறுவதற்கு மறதியும் வதந்தியும் காரணமாகலாம்.

ஆனால் ஒழிந்த நோயும் திரும்பி வரலாம். 2000இல் போலியோ ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட நாடு மலேசியா. 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தையை அது மீண்டும் தாக்கியது. 27 ஆண்டுகளில் அதுவே முதல் முறை.