கல்லை மேயும் மீன்கள்



துணி துவைக்கவோ குளிக்கவோ ஓடையில் இறங்கும்போது சில கற்கள் காலை வழுக்கிவிடுகின்றன. சில கற்கள் வழுக்குவதில்லை. வழுக்குவது கல்லன்று, அதன்மேல் படிந்த பாசி. அது ஓரிடத்தில் தழைத்து, மற்றோரிடத்தில் இல்லாமற்போவது ஏன்? இதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் ‘இக்கான் பண்டாராயா’வை அறிவார்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் மீன் அது. அதன் தாயகம் தென் அமெரிக்கா. அதே குடும்பத்தைச் சேர்ந்த மீன்களைப் பனாமா நாட்டு ஓடையொன்றில் மேரி பவர் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 1984ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்.

வெயில் விழும் மடுவில் பாசி வேகமாக வளர்ந்தது. ஆனால் அங்கே மீன்களும் அதிகமாகக் கூடி மேய்ந்தன. அதனால் வெயில் மடுவின் கற்களும் நிழல் மடுவின் கற்களும் ஏறக்குறைய ஒரேமாதிரி, ஆடு மேய்ந்த திடல்போல மொட்டையாகவே கிடந்தன.

கரையோரத்தில் மட்டும் நிலைமை வேறு. 20 சென்டிமீட்டருக்கும், அதாவது ஏறக்குறைய ஒரு சாணுக்கும், குறைவான ஆழத்தில் பாசி அடர்ந்திருந்தது. உணவு குறைந்த கோடைக்காலத்திலும் பெரிய மீன்கள் அங்கே போகவில்லை. ஏன் தெரியுமா? ஆழமில்லாத நீரில் கொக்கும் மீன்கொத்தியும் எளிதில் பிடித்துவிடும். பசியைவிட உயிர் பெரிதல்லவா? ஆக, பறவைக்கு மீன் அஞ்சுகிறது. மீன் வராத இடத்தில் பாசி செழிக்கிறது.

நம் ஓடைகளிலும் பாசி கொறிக்கும் சிறு மீன்கள் உண்டு. தூபா வேரை நசுக்கி நீரில் கலந்தாலும், மின்சாரம் பாய்ச்சினாலும், பெரிய மீனோடு அவையும் மடிகின்றன. மேய்வதற்கு ஆளில்லாத கல்லில் பாசி மண்டும்.

அப்படியானால், பாசியைத் தின்ன இக்கான் பண்டாராயாவை ஓடையில் விடலாமா? கூடாது. தொட்டியிலிருந்து வெளியேறிய இம்மீன்கள் லங்காட், கிள்ளான் ஆறுகளில் ஏற்கெனவே பெருகிவிட்டன. முட்டையிடக் கரையைக் குடைகின்றன, கரை சரிகிறது. நம் மீன்களின் இரையையும் பறித்துக்கொள்கின்றன.

தொட்டி மீன் வேண்டாமென்றால் அதை விரும்பும் ஒருவரிடம் கொடுப்போம். ஓடையை ஓடை மீன்களுக்கே விட்டுவைப்போம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைப்போம்.